ஓட்டம் வற்றிய அணி: 1990ஆம் ஆண்டின் ஃபார்ட்டிநைனர்ஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

1991 ஜனவரி 20. சான் பிரான்சிஸ்கோ நகரின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் உள்ளூர் அணியான ஃபார்ட்டிநைனர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் 13-15 என்ற கணக்கில் தோற்றது. அமெரிக்கக் கால்பந்தின் தேசியப் பிரிவு இறுதி ஆட்டம் அது. வென்றிருந்தால், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குச் சென்று, தொடர்ந்து மூன்றாவது முறையாக அந்தக் கோப்பையைக் கைப்பற்றும் வாய்ப்பு ஃபார்ட்டிநைனர்ஸுக்குக் கிடைத்திருக்கும். அதுவரை எந்த அணியும் அதைச் செய்ததில்லை. இன்றுவரையிலும் இல்லை.

இந்தத் தோல்வி பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியாகவே நினைவுகூரப்படுகிறது. ஆட்டம் முடிய 2 நிமிடம் 36 வினாடி இருந்தபோது, ஒரு புள்ளி முன்னிலையில் இருந்த அணியின் மூத்த ஓட்டக்காரர் பந்தை நழுவவிட்டார். எதிரணி அதைப் பிடித்தது, முன்னேறியது, கடைசி வினாடியில் உதைத்து வென்றது. கதை அதோடு முடிந்துவிடுகிறது. ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு நழுவலுக்குள் அடைக்கப்பட்டுவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. அந்த அணியின் தரை ஆட்டம், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடி முன்னேறும் ஆட்டம், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வந்தது. வெற்றிகள் அந்தத் தேய்மானத்தை மறைத்தன. நழுவிய பந்து அதன் கடைசி விளைவு மட்டுமே.

ஆகவே இந்த ஆய்வில் அணிகளை மட்டும் பெயரால் குறிப்பிட்டு, ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் அவர்கள் வகித்த பொறுப்பால் குறிப்பிடுகிறேன். அணியின் முடிவுகளைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தனிமனிதர் மீது பழி விழாமல் இருக்க இதுவே வழி.

ஆட்டத்தின் விதிகள், தேவையான அளவுக்கு

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இதை முதல் டவுன் எடுப்பது என்பார்கள். குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்ட நெறியாளர் பந்தை வீசலாம், அல்லது ஓட்டக்காரரின் கையில் கொடுத்து ஓடச் செய்யலாம். வீச்சு வேகமாகத் தூரத்தைக் கொடுக்கும். ஓட்டத்தில் பெரும்பாலும் மூன்று, நான்கு கெஜம்தான் தேறும்.

இந்த நிகழ்வில் தூரத்தைவிடக் கடிகாரமே முக்கியம். வீசிய பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடியவர் மைதான எல்லைக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் ஓட்டத்தையே நாடும். கபடியில் முன்னிலை பெற்ற அணியின் ரைடர், யாரையும் தொட முயலாமல் கோட்டை மட்டும் தாண்டிவிட்டு நேரத்தைக் கடத்தித் திரும்புவாரே, அதே நோக்கம்தான். அதை நம்பிக்கையோடு செய்ய முடியாத அணி, எவ்வளவு புள்ளிகள் குவிக்கும் அணியாக இருந்தாலும், ஆட்டத்தை முடித்துவைக்கத் தெரியாத அணி.

பின்னணி: 1981 முதல் 1989 வரை

1981, 1984, 1988, 1989 ஆகிய நான்கு பருவங்களில் ஃபார்ட்டிநைனர்ஸ் சூப்பர் பவுல் வென்றது. குறுந்தூர வீச்சுகளால் எதிரணியை மைதானத்தின் அகலம் முழுவதும் இழுத்தடிக்கும் முறை அதன் அடையாளம். தாக்குதல் வரிசையில் இருந்தவர்கள் பருமனில் பெரியவர்கள் அல்லர். வேகமாக நகர்ந்து, தாழ்வாகப் பாய்ந்து தடுப்பவர்கள். இந்த முறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: குறுந்தூர வீச்சே ஓட்டத்தின் வேலையைச் செய்துவிட்டதால் அந்த அணிக்கு ஓட்டம் பெரிதாகத் தேவைப்படவில்லை என்பார்கள். அணி கோப்பை வென்ற ஆண்டுகளின் எண்கள் அதை மறுக்கின்றன.

அணியின் முதன்மை ஓட்டக்காரர் 1985இல் ஓடி 1,050 கெஜமும் வீச்சுகளைப் பிடித்து 1,016 கெஜமும் சேர்த்தார். ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரத்தைக் கடந்தவர் என்ற வகையில் லீக் வரலாற்றில் அவரே முதல்வர். முழங்காலை மார்புவரை உயர்த்தி ஓடும் அவருடைய பாணியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

1988 அவருடைய உச்சம். 310 முறை பந்தை ஏந்தி 1,502 கெஜம் ஓடினார். ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 4.8. கூடவே 76 வீச்சுகளையும் பிடித்தார். இரண்டையும் கூட்டினால் அந்தப் பருவத்தில் மட்டும் 386 முறை பந்து அவரிடம் போயிருக்கிறது. ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் அவரைவிடக் கனமான ஒருவர், சில சமயம் மூவர், மோதி வீழ்த்தியிருப்பார்கள். பருவ முடிவில் நடக்கும் பிளே ஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்று ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 1989 ஜனவரி 1 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு எதிராக அவர் ஓடிய 135 கெஜமும், அதில் அடங்கிய 80 கெஜ ஓட்டமும் தனி.

1989இல் 271 ஓட்டங்கள், 1,054 கெஜம். சராசரி 3.9ஆக இறங்கியது. ஆயிரத்தைத் தாண்டிவிட்டதால் இந்த இறக்கம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அணியோ உச்சத்தில் இருந்தது. 1990 ஜனவரி இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் டென்வர் பிராங்கோஸை 55-10 என்று நொறுக்கியது. எல்லோருக்கும் நினைவிருப்பது அன்றைய ஐந்து டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) வீச்சுகள்தான். நான் குறித்துக்கொள்ளச் சொல்வது வேறு: அன்று ஃபார்ட்டிநைனர்ஸ் 44 முறை ஓடியது, 144 கெஜம் சேர்த்தது, 60 நிமிட ஆட்டத்தில் 39 நிமிடம் 31 வினாடி பந்தைத் தன் வசம் வைத்திருந்தது. ஓர் ஓட்டத்துக்கு 3.3 கெஜம்தான், பிரமாதமான சராசரி ஒன்றுமில்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரணி மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் தவித்தது.

1990 பருவத்தில் காணப்பட்டவை

வரப்போவதை அணி நிர்வாகம் ஓரளவு உணர்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் தேர்வில், 1990ஆம் ஆண்டின் முதல் சுற்றில் ஓர் இளம் ஓட்டக்காரரை எடுத்தது. மின்னல் வேகம் கொண்டவர், ஆனால் உருவத்தில் மிகச் சிறியவர். வெளிப்புறமாகச் சுற்றி ஓடும் வேலைக்கு ஏற்றவர். இரண்டு கெஜம் தேவைப்படும்போது நெரிசலுக்குள் தலையைக் கொடுத்து மோதும் வேலைக்கு அவரைக் கொண்டுவரவில்லை. தேவையை அறிந்தும், அந்தத் தேவைக்குப் பாதி பொருந்தும் ஒருவரையே அணி தேர்ந்தெடுத்தது.

பருவம் தொடங்கியதும் வெற்றிமேல் வெற்றி. முதல் பத்து ஆட்டங்களில் பத்தும் வெற்றி. அக்டோபரில் அட்லாண்டாவில் குவார்ட்டர்பேக் 476 கெஜம் வீசி ஆறு டச் டவுன்கள் போட்டார். அவற்றில் ஐந்து ஒரே பிடிப்பாளரின் கைக்குப் போயின. அந்தப் பிடிப்பாளர் பருவ முடிவில் 100 பிடிப்புகளில் 1,502 கெஜம் சேர்த்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்மை ஓட்டக்காரர் ஓடிச் சேர்த்த அதே 1,502. எண்கள் தற்செயலாக ஒத்துப்போயின. ஆனால் அணியின் எடை தரையிலிருந்து வீச்சுக்கு எப்படி நகர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

தரையில் நிலைமை வேறு. முப்பது வயதை எட்டிய முதன்மை ஓட்டக்காரர் முழங்கால் காயத்தால் 16 ஆட்டங்களில் 11இல் மட்டுமே ஆடினார். 141 ஓட்டங்கள், 439 கெஜம், சராசரி 3.1, ஒரே ஒரு டச் டவுன். 4.8, 3.9, 3.1 என மூன்றாண்டுகளின் சராசரிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

புதுமுகம் 114 ஓட்டங்களில் 460 கெஜம் சேர்த்து அணியின் முதல் இடத்தைப் பிடித்தார். 14 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்ற ஓர் அணியில் மிக அதிகம் ஓடியவரின் கணக்கு 460 கெஜம்! 1988இல் ஒருவர் மட்டும் ஓடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 74 கெஜம் ராம்ஸ் அணிக்கு எதிரான ஒரே ஓட்டத்தில் கிடைத்தது. அதைக் கழித்துவிட்டால் எஞ்சிய 113 ஓட்டங்களின் சராசரி 3.4தான். மோதி இடம்பிடிக்கும் வேலையைச் செய்துவந்த ஃபுல்பேக் 101 ஓட்டங்களில் 318 கெஜம் எடுத்தார். கோல் கோட்டருகே ஏழு டச் டவுன்கள் போட்டதில் அவருடைய உழைப்பு தெரிகிறது. ஆனால் நீண்ட நேரம் ஆட்டத்தைத் தாங்கும் ஓட்டம் அவரிடமிருந்தும் வரவில்லை.

டிசம்பர் 3 அன்று ஜயன்ட்ஸ் அணி அதே கேண்டில்ஸ்டிக் மைதானத்துக்கு வந்தது. அன்று ஃபார்ட்டிநைனர்ஸ் 7-3 என்று வென்றது. வெற்றி என்பதால் அது கொண்டாடப்பட்டது. வீச்சை முதன்மையாக நம்பிய ஓர் அணியை இந்தத் தடுப்பணி முழு ஆட்டத்திலும் ஏழு புள்ளிகளுக்குள் கட்டிப்போட்டுவிட்டது என்ற செய்தியும் அதே முடிவுக்குள் இருந்தது. ஜனவரியில் மீண்டும் அவர்களையே சந்திக்க நேரலாம் என்று தெரிந்திருந்தும், இந்த இரண்டாவது செய்திக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் நியாயமும்

மூன்று முடிவுகளை இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வீச்சின் மீது முழு எடையையும் ஏற்றியது. அன்றைய நிலையில் இதைக் குறைசொல்வது கடினம். குவார்ட்டர்பேக் அந்த ஆண்டு 3,944 கெஜம் வீசி லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தரையில் மூன்று கெஜம் எடுக்கத் திணறும்போது காற்றில் பத்து கெஜம் எளிதாகக் கிடைத்தால் எந்தப் பயிற்சியாளரும் காற்றைத்தான் தேர்வார். ஆனால் இந்த முடிவுக்கு ஒரு மறைவிலை இருந்தது. அந்தக் குவார்ட்டர்பேக்குக்கு வயது 34. ஒவ்வொரு வீச்சும் அவரை ஓர் அடிக்கு ஆளாக்கும் வாய்ப்பு. அதோடு, எதிரணி ஓட்டத்தை அஞ்ச வேண்டிய தேவை இல்லையென்றால், முன்வரிசைத் தடுப்பாளர்கள் தயக்கமே இல்லாமல் அவரை நோக்கிப் பாயலாம்.

இரண்டாவது, காயத்திலிருந்து திரும்பிய மூத்தவரையே பிளே ஆஃபிலும் முதன்மை ஓட்டக்காரராக வைத்தது. இதற்கும் காரணம் இருந்தது என்பது என் கணிப்பு. இந்த முறையில் ஓட்டக்காரரின் வேலை ஓடுவது மட்டுமல்ல. பாய்ந்துவரும் தடுப்பாளரை அடையாளம் கண்டு மறிக்க வேண்டும். சரியான நேரத்தில் நழுவிச் சென்று வீச்சைப் பிடிக்க வேண்டும். அதில் பல ஆண்டு அனுபவம் கொண்டவரை விட்டுவிட்டு, முதல் ஆண்டு இளைஞரிடம் இறுதி ஆட்டத்தை ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது.

மூன்றாவதைத்தான் நான் உண்மையான பிழை என்பேன். அதை முடிவு என்று சொல்வதுகூடச் சரியில்லை, முடிவெடுக்காமல் விட்டது. நவம்பர் 25 அன்று ராம்ஸ் அணியிடம் 17-28 என்றும், டிசம்பர் 23 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 10-13 என்றும் சொந்த மைதானத்தில் தோற்றபோது, தரை ஆட்டத்தைத் திருத்தி அமைக்க ஒரு வாய்ப்பு இருந்தது. ஏற்கெனவே பிளே ஆஃப் இடம் உறுதியாகிவிட்டிருந்த டிசம்பரில், சில ஆட்டங்களை ஓட்டப் பழக்கத்துக்காகவே செலவிட்டிருக்கலாம். செய்யவில்லை.

ஜனவரி 20: முதல் மூன்று பகுதிகள்

ஜயன்ட்ஸ் அணியும் முழு பலத்தோடு வரவில்லை. அதன் முதல் குவார்ட்டர்பேக் டிசம்பர் நடுவில் கால் எலும்பு முறிந்து வெளியேறியிருந்தார். அதன் இளம் ஓட்டக்காரர் முந்தைய வாரம்தான் காலை முறித்துக்கொண்டார். எஞ்சியிருந்த முதன்மை ஓட்டக்காரருக்கு முந்தைய நாள்தான் 34 வயது நிறைந்திருந்தது. பருவம் முழுவதும் அவருடைய சராசரி 3.5 கெஜம். ஃபார்ட்டிநைனர்ஸின் மூத்த ஓட்டக்காரரைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். ஆனால் அந்த அணி அவருக்கு 225 முறை பந்தைக் கொடுத்திருந்தது. மூன்று கெஜம், மூன்று கெஜம் என்று நகர்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை. அவர்களுடைய தாக்குதல் வரிசை வாராவாரம் அதையே செய்து பழகியிருந்தது.

முதல் பாதி 6-6. இரு தரப்பும் ஃபீல்டு கோல்கள் மட்டுமே, அதாவது கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் பெறும் மூன்று மூன்று புள்ளிகள். மூன்றாவது பகுதியில் ஃபார்ட்டிநைனர்ஸ் குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் வீசிய பந்தைப் பிடித்த ஆட்டக்காரர், 61 கெஜம் சென்று டச் டவுன் போட்டார். அதைத் தொடரும் உதையோடு சேர்த்து ஏழு புள்ளி. 13-6. அரங்கம் அதிர்ந்தது.

அந்த ஒரு வீச்சுக்குப் பிறகு ஃபார்ட்டிநைனர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஜயன்ட்ஸ் உடனே ஒரு ஃபீல்டு கோல் உதைத்து 13-9 ஆக்கியது. பிறகு பந்து பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. முன்னிலையில் இருந்த அணியால் இரண்டு முறை தொடர்ந்து முதல் டவுன் எடுத்து நேரத்தைத் தின்ன முடியவில்லை. விளைவாக அதன் தடுப்பணி திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் வர வேண்டியிருந்தது. ஒரு தடுப்பணியைச் சோர்வடையச் செய்வதற்கு எதிரணியின் ஓட்டம் பாதி காரணம். தன் அணியின் ஓட்டமின்மை மீதிப் பாதி.

கடைசிப் பகுதி

9 நிமிடம் 41 வினாடி இருந்தபோது, வீச இடம் தேடி வெளிப்புறம் ஓடிய குவார்ட்டர்பேக்கின் முதுகில் ஜயன்ட்ஸ் தடுப்பாளர் முழு வேகத்தில் மோதினார். கை எலும்பு முறிந்தது. அவரால் அந்த ஆட்டத்தைத் தொடர முடியவில்லை.

சிறிது நேரத்தில் ஜயன்ட்ஸ், வழக்கமாகப் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்துவிடும் நான்காவது முயற்சியில், உதைப்பதுபோல் பாவனை காட்டி, 30 கெஜம் ஓடியது. இன்னொரு ஃபீல்டு கோல். 13-12. ஆறு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம்.

இப்போது பந்து ஃபார்ட்டிநைனர்ஸ் கையில். மாற்றுக் குவார்ட்டர்பேக் உள்ளே வந்து 25 கெஜ வீச்சு ஒன்றைத் துல்லியமாக முடித்தார். அணி எதிரணியின் பாதிக்குள் நுழைந்தது. இன்னும் ஒன்றிரண்டு முதல் டவுன் போதும். அல்லது ஒரு ஃபீல்டு கோலுக்கு எட்டும் தூரம் போதும். பயிற்சியாளர்கள் ஓட்டத்தை அழைத்தார்கள்.

அந்த அழைப்பு சரியானது. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். மாற்று ஆட்டக்காரரை வீசச் சொல்லி, பாய்ந்துவரும் அந்தத் தடுப்பணியிடம் ஒப்படைப்பதைவிட, மூத்தவரின் கையில் பந்தைக் கொடுப்பதே எந்தக் கணக்கிலும் பொருத்தம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அன்று முழுவதும் ஓடாத ஓர் அணி, பருவம் முழுவதும் ஓடிப் பழகாத ஓர் அணி, மிகக் கடினமான தருணத்தில் தன் மிகப் பலவீனமான கருவியைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. ஓட்டம்தான் வரும் என்று ஜயன்ட்ஸின் முன்வரிசைக்கும் தெரியும்.

ஜயன்ட்ஸின் நடுத்தடுப்பாளர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். அவருடைய தலைக்கவசம் பந்தில் மோதியது. பந்து காற்றில் எழும்பியது. அது தரையில் விழும் முன்பே எதிரணியின் புகழ்பெற்ற லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்) பிடித்துக்கொண்டார். 2 நிமிடம் 36 வினாடி மீதமிருந்தது.

அடுத்து 19 கெஜ வீச்சு ஒன்று, 13 கெஜ வீச்சு ஒன்று, இடையே சில ஓட்டங்கள். நேரம் முடியும் கணத்தில் 42 கெஜத்திலிருந்து உதை. அந்த உதைப்பாளருக்கு அன்று அது ஐந்தாவது ஃபீல்டு கோல். 15-13.

எண்கள் சொல்வது

அன்று ஃபார்ட்டிநைனர்ஸ் ஓடியது 11 முறை. சேர்த்தது 39 கெஜம். அந்தப் பதினொன்றிலும் சில, வீச இடம் கிடைக்காமல் குவார்ட்டர்பேக்கே ஓடியவை. ஜயன்ட்ஸ் ஓடியது 36 முறை, 152 கெஜம். பந்து ஏறத்தாழ 39 நிமிடம் ஜயன்ட்ஸிடமும் 21 நிமிடம் ஃபார்ட்டிநைனர்ஸிடமும் இருந்தது. ஓராண்டுக்கு முன் நியூ ஆர்லியன்ஸில் டென்வருக்கு என்ன நேர்ந்ததோ, அதுவே இப்போது அன்று வென்ற ஃபார்ட்டிநைனர்ஸுக்கு நேர்ந்தது. 44 ஓட்டங்கள் 11ஆகச் சுருங்கின.

வேறு காரணங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. குவார்ட்டர்பேக்கின் காயம் ஆட்டத்தின் திசையையே மாற்றியது. அந்தப் பாவனை உதையை ஃபார்ட்டிநைனர்ஸ் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் இவை ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். ஜயன்ட்ஸும் தன் குவார்ட்டர்பேக்கை இழந்த அணிதான். ஓட்டம் தாங்கியதால் மாற்று ஆட்டக்காரரை வைத்துக்கொண்டே கோப்பைவரை சென்றது. பாவனை உதைக்கு வாய்ப்பு வந்ததே, ஃபார்ட்டிநைனர்ஸ் பந்தைத் தக்கவைக்க முடியாமல் திருப்பிக் கொடுத்ததால்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலுவான சான்றாகத் தெரிவது இது: டிசம்பர் ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் எடுத்தது மூன்று புள்ளி. ஜனவரியில் எடுத்தது ஐந்து ஃபீல்டு கோல். இரண்டு முழு ஆட்டங்களில் ஃபார்ட்டிநைனர்ஸ் தடுப்பணி ஒரு டச் டவுன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஆடிய தடுப்பணி ஒரு பட்டத்தை இழந்து வீடு திரும்பியதென்றால், குறை மைதானத்தின் மறுபக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

பின்னர் நடந்தவை

ஒரு வாரம் கழித்து டாம்பாவில் ஜயன்ட்ஸ், பஃபலோ பில்ஸை 20-19 என்று வென்றது. பந்தை 40 நிமிடம் 33 வினாடி தன்னிடம் வைத்திருந்தது. 34 வயது ஓட்டக்காரர் 102 கெஜம் ஓடி ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

ஃபார்ட்டிநைனர்ஸின் முதன்மை ஓட்டக்காரருக்கு அந்த நழுவலே அந்த அணிக்காகக் கடைசியாகப் பந்தை ஏந்திய தருணமாகிவிட்டது. அடுத்த பருவத்தில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணிக்குச் சென்றார். குவார்ட்டர்பேக் முழங்கைக் காயத்தால் 1991 முழுவதும் ஆடவில்லை. அணி பத்து ஆட்டங்களில் வென்றும் பிளே ஆஃபுக்குள் நுழையவில்லை.

நிர்வாகம் பாடம் கற்றது. 1991 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், உயரமும் எடையும் கொண்ட, வீச்சுகளையும் பிடிக்கத் தெரிந்த ஓர் ஓட்டக்காரரை எடுத்தது. முதல் ஆண்டு காயத்தில் கழிந்தது. 1992இல் அவர் 1,013 கெஜம் ஓடினார். 1995 ஜனவரியில் சான் டியாகோ சார்ஜர்ஸை 49-26 என்று வென்று ஐந்தாவது கோப்பையை எடுத்தபோது, அவர் மூன்று டச் டவுன்கள் போட்டார்.

மூன்று தொடர் கோப்பைகள் என்ற கனவு அதன் பிறகும் பல அணிகளிடம் வந்து போயிற்று. 2025 பிப்ரவரியில் இரண்டு முறை தொடர்ந்து வென்றிருந்த கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 22-40 என்று தோற்றது. அன்று சீஃப்ஸ் ஓடியதும் 11 முறைதான். இரண்டு தோல்விகளும் ஒன்றல்ல. சீஃப்ஸ் தொடக்கத்திலேயே பின்தங்கி வேறு வழியின்றி வீச வேண்டியதாயிற்று, ஃபார்ட்டிநைனர்ஸோ முன்னிலையில் இருந்துகொண்டே ஓட முடியாமல் தோற்றது. எனக்கு இரண்டாவதே அதிகம் வலிக்கிறது.

எதை மாற்றியிருக்கலாம்

1989 பருவம் முடிந்தவுடன் சராசரி 4.8இலிருந்து 3.9ஆக இறங்கியதை எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். ஆயிரம் கெஜம் என்ற மொத்தக் கணக்கு உழைப்பைக் காட்டும். உடலின் நிலையைக் காட்டாது. 386 முறை பந்தைச் சுமந்த ஒருவரின் அடுத்த ஆண்டுச் சுமையைத் திட்டமிட்டே குறைத்து, இரண்டாவது ஆளைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே பழக்கியிருக்க வேண்டும். 1990இல் இரண்டாவது ஆள் பெரும்பாலும் காயத்தின் காரணமாகவே உள்ளே வந்தார்.

டிராஃப்ட் தேர்வில் தேவையைத் துல்லியமாக வரையறுத்திருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடங்களில், எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்த நிலையில், மூன்று கெஜம் எடுக்கக்கூடியவர் யார் என்பதே அன்று அந்த அணி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வேகத்தை அளந்தவர்கள் இதை அளக்கவில்லை.

ஓட்டத்தை மதிப்பிடும்போது வெற்றி தோல்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, நான்காவது பகுதியில் முன்னிலையில் இருந்தபோது எத்தனை முதல் டவுன்கள் ஓட்டத்தால் கிடைத்தன என்பதைத் தனியாகக் கணக்கெடுத்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து வென்ற நவம்பரிலேயே அந்தக் கணக்கு உண்மையைச் சொல்லியிருக்கும்.

ஜனவரி 20 அன்றுகூட ஒன்று சாத்தியமாக இருந்தது. 13-6 என்று முன்னிலை பெற்ற கணத்திலிருந்து, பலன் குறைவாக இருந்தாலும், ஃபுல்பேக்கையும் மூத்தவரையும் மாறி மாறி ஓடவிட்டிருக்கலாம். இரண்டு கெஜம், மூன்று கெஜம் என்றாலும் தாக்குதல் வரிசைக்கு மோதிப் பழகும் வாய்ப்பு கிடைத்திருக்கும், தடுப்பணிக்குச் சில நிமிட ஓய்வு கிடைத்திருக்கும், எதிரணியின் முன்வரிசைக்கு வீச்சா ஓட்டமா என்ற தயக்கம் எழுந்திருக்கும். அந்தத் தயக்கம் இருந்திருந்தால் 9 நிமிடம் 41 வினாடியில் குவார்ட்டர்பேக்கின் முதுகில் விழுந்த அடியும் அரை நொடி தாமதமாகவே வந்திருக்கும்.